அண்ணன் இருக்கும் வீட்டில் சின்னவளுக்குப் பொறுமை சீக்கிரம் வருமா? நடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

#1 நிலாஅம்மா

ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் கேள்வி. வீட்டில் இரண்டு பேர். மூத்தவனுக்கு ஐந்தரை வயது, சின்னவளுக்கு 20 மாதம். மூத்தவன் 11 மாதத்திலேயே நடந்துவிட்டான். நடந்தான் என்பதைவிட ஓடினான். கைக்கு எட்டியதை எல்லாம் இழுப்பான், 'வேண்டாம்' என்ற சொல் அவன் காதில் விழுந்ததே இல்லை. சின்னவள் 16 மாதத்தில்தான் தனியாக நடந்தாள். ஆனால் நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

அண்ணன் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தான். இவள் பக்கத்தில் குந்தியிருந்தாள். "தொடாதே, நான் மூணு சொன்னதும் தள்ளு" என்றான். இவள் கை நீண்டது. கோபுரத்துக்கு ஒரு விரல் முன்னால் போய் நின்றது. அப்புறம் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்! அவன் எண்ணி முடிக்கும்வரை உடம்பெல்லாம் குலுங்கியது, ஆனால் தொடவில்லை. மூத்தவனின் இந்த வயதில் அந்தக் கோபுரம் மூன்றாவது கட்டையைத் தாண்டியிருக்காது.

என் நாத்தனார் சொல்வது வேறு. "பெரியவன் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துக் கொடுத்தான், அதான் இவள் நடக்கவே இல்லை" என்கிறார். சீக்கிரம் நடக்கும் குழந்தைக்கு மூளையும் சீக்கிரம் வளரும் என்று எங்கேயோ படித்தேன். என் வீட்டில் இரண்டும் ஒத்துப்போகவில்லையே. அண்ணன் இருப்பது உதவியா, தடையா? 'எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்' என்று சொல்கிறார்களே, நடை தாமதமானால் அதுவும் தாமதமாகுமா?

#2 ரெட்டைவால்

கையைக் கையால் பிடித்துக்கொண்டாளா! படம் எடுத்திருக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் இரட்டையர், இரண்டரை வயது. ஒருவன் கட்ட, இன்னொருவன் காத்திருக்கிற கதையே கிடையாது. இருவரும் சேர்ந்து கட்டி, சேர்ந்து தள்ளி, சேர்ந்து அழுவார்கள். பதில்களுக்காக நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

#3 தளிர்நடை

குழந்தைகளுக்கான பிசியோதெரபி என் தொழில். நடை பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

16 மாதம் தாமதமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. தனியாக நடக்கும் வயதுக்கு அதில் இருக்கும் வரம்பு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. உங்கள் இரண்டு பிள்ளைகளும் உள்ளேதான் இருக்கிறார்கள். அதே குழந்தைகளில் 4.3 சதவீதம் பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2022-இல் தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை எடுத்தே விட்டது.

நான் கவலைப்படும் விஷயங்கள் வேறு. 18 மாதம் தாண்டியும் தனியாக நடக்காதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, வந்த திறமை திரும்பிப் போவது. இதில் எது இருந்தாலும் இணையத்தில் கேட்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மாதத்தை எதிர்பார்த்த பிரசவ நாளிலிருந்து எண்ண வேண்டும். இதை மறந்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்கள் நிறைய.

நாத்தனாரின் பேச்சில் பாதி உண்மை இருக்கலாம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

#4 ஏட்டுப்புழு

நிலாஅம்மா, நீங்கள் பார்த்த அந்தக் கையைப் பற்றித்தான் நாற்பது வருடமாக ஆட்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் என்பது நம் செயலை நாமே ஆளும் திறன். பெரியவர்களிடம் இதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம், மியாகே என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2000-இல் போட்ட பாதை அது. முந்திக்கொண்டு வரும் செயலை அடக்குவது, ஒரு தகவலை மனசில் பிடித்துக்கொண்டே வேலை செய்வது, விதி மாறினால் தானும் மாறுவது. சின்னக் குழந்தைகளிடம் இந்த மூன்றும் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து கிடப்பதில்லை, ஒரே உருண்டையாகத்தான் தெரிகிறது. உங்கள் மகள் செய்ததிலும் பாருங்கள்: தள்ள வேண்டும் என்பதை நினைவில் வைத்தாள், தள்ளாமலும் இருந்தாள்.

இப்போது பழைய சோதனை ஒன்று. ஒன்பது மாதக் குழந்தைக்கு முன்னால் இரண்டு குழிகள். பொம்மையை இடது குழியில் வைத்துத் துணியால் மூடுகிறோம். குழந்தை துணியை இழுத்து எடுக்கிறது. சில முறை இப்படியே. அப்புறம் அது பார்க்கப் பார்க்க வலது குழியில் ஒளிக்கிறோம். குழந்தை கை எங்கே போகும்? பழைய இடது குழிக்கு! 'ஏ-நாட்-பி பிழை' என்று இதற்குப் பெயர், முதலில் கவனித்து எழுதியவர் குழந்தை உளவியலாளர் பியாஜே. பொருள் மறைந்தாலும் இருக்கிறது என்ற அறிவு இன்னும் முழுசாக வரவில்லை என்று அவர் சொன்னார்.

1980-களில் அடெல் டயமண்ட் ஒரே குழந்தைகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். ஒளித்த பிறகு எத்தனை விநாடி கழித்துக் கையை விட்டால் பிழை வருகிறது என்று பார்த்தார். ஏழரை மாதத்தில் இரண்டு விநாடிகூடத் தாங்கவில்லை. ஒரு வயதில் பத்து விநாடிக்கு மேல் தாங்கியது. மாதத்துக்குச் சுமார் இரண்டு விநாடி ஏறுகிறது. என்னை உலுக்கியது இன்னொன்று: சில குழந்தைகள் கண்ணால் சரியான குழியைப் பார்த்துக்கொண்டே கையைத் தவறான குழிக்குக் கொண்டுபோகிறார்கள். தெரியாமல் இல்லை. பழகிய கை முந்திக்கொள்கிறது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. எஸ்தர் தெலனும் லிண்டா ஸ்மித்தும் இந்தப் பிழையின் வேர் உடம்பிலேயே இருக்கிறது என்றார்கள். இடது குழியில் பழகியபோது உட்கார்ந்திருந்த குழந்தையை, வலது குழிக்கு மாற்றும்போது எழுப்பி நிற்க வைத்தார்கள். பிழை குறைந்தது! உடம்பின் நிலை மாறியதும் பழைய கைப்பழக்கம் பிடியை விட்டது. மூளையா, உடம்பா என்று இன்றும் சண்டை போடலாம். கையை ஆள்வதும் மனசை ஆள்வதும் அந்த வயதில் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்று நான் படித்த அளவில் எனக்குத் தோன்றுகிறது.

#5 தனிமரம்

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்களுக்கு ஒரே மகன், இரண்டு வயது, இனிமேலும் ஒருவன்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் "தனியாக வளர்ந்தால் விட்டுக்கொடுக்கத் தெரியாது" என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். இப்போது அறிவியலும் வந்து அதையே சொல்லப்போகிறதா? சொல்வதானால் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

#6 எண்ணிப்பார்

தனிமரம், பதற வேண்டாம். புள்ளிவிவரம் என் பிழைப்பு, அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஃபால்போ, போலிட் என்ற இருவர் 1986-இல் 115 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒற்றைப் பிள்ளைகள் குணத்திலோ பழகுவதிலோ குறைந்துவிடவில்லை. முதல் பிள்ளைகளோடும், சின்னக் குடும்பத்துப் பிள்ளைகளோடும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தார்கள். பிறப்பு வரிசை குணத்தை மாற்றும் என்ற பழைய நம்பிக்கையும் அடி வாங்கியது. 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியின் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவில் தேடியபோது, பெரியவர்களின் அடிப்படைக் குணங்களில் அப்படி ஒரு பாதிப்பு தென்படவில்லை.

நிலாஅம்மாவின் கதை எனக்கும் பிடித்தது. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு குழந்தை என்றால் அது இரண்டே இரண்டு புள்ளி. மூத்தவன் துறுதுறு, இளையவள் நிதானம் என்பது பிறவிச் சுபாவமாகவே இருக்கலாம். அம்மா முதல் தடவை அம்மாவாக இருந்ததும், இரண்டாம் தடவை பழகிய அம்மாவாக இருந்ததும் வேறு வேறு. உடன்பிறந்தவர் உள்ள வீடும் இல்லாத வீடும் இன்னும் பத்து விஷயத்தில் வேறுபடும். அண்ணன்தான் காரணம் என்று பிரித்தெடுக்கப் படாத பாடு பட வேண்டும்.

#7 ஏட்டுப்புழு

எண்ணிப்பார் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றுமே இல்லை என்று கதவைச் சாத்த வேண்டாம்.

1994-இல் பெர்னர், ரஃப்மன், லீக்கம் மூவரும், 3-4 வயதில் உடன்பிறந்தவர்கள் உள்ள பிள்ளைகளுக்கு 'அடுத்தவர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கலாம்' என்பது சீக்கிரம் புரிகிறது என்று காட்டினார்கள். அந்தப் புரிதலும் தன்னை அடக்கும் திறனும் ஒட்டியே வளர்பவை. பிறகு வந்த எல்லா ஆய்விலும் அதே பலன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

எனக்கு இன்னும் சுவையானது, எந்த மூத்தவர் என்பது. பிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. அண்ணன் உள்ள குழந்தைகள் பேச்சுத் திறனில், அக்கா உள்ளவர்களைவிடச் சராசரியாக இரண்டு மாதம் பின்தங்கியிருந்தார்கள். அக்கா உள்ளவர்களோ மூத்தவர் யாரும் இல்லாத பிள்ளைகளுக்குச் சமமாக இருந்தார்கள். ஆக, 'உடன்பிறந்தவர்' என்று மொத்தமாக ஒரு மூட்டை கட்ட முடியாது. அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம். இரண்டு மாத வித்தியாசத்தைப் பார்த்து அண்ணன்களைத் திட்டக் கிளம்ப வேண்டாம்.

#8 ரெட்டைவால்

நான் தம்பி. என் அக்காவுக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். "பார், உன் பேச்சுக்கு நான்தான் காரணம், நன்றி சொல்" என்று பதில் வந்துவிட்டது.

#9 தளிர்நடை

சொன்னபடி நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன்.

நடக்கப் பழகும் குழந்தை எவ்வளவு உழைக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகளைத் தாராளமாக விளையாட விட்டு எண்ணினார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள், 17 விழுதல்கள்! ஒவ்வொரு விழுதலும் ஒரு கணக்கு: இங்கே வேகம் குறைக்கணும், அங்கே காலைத் தூக்கி வைக்கணும். யாராவது தூக்கிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்குகள் நடக்காது. அந்த அளவில் நாத்தனார் சொல்வது சரி. எடுத்துக் கொடுத்ததால் நடை தாமதமானது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். வரம்புக்குள் இருக்கும் நடைக்குக் காரணம் தேடுவதே வீண் வேலை.

சீக்கிரம் நடந்தால் சீக்கிரம் அறிவு என்பதையும் நம்ப வேண்டாம். அதே அடால்ஃப் சரிவுப் பலகைகளில் குழந்தைகளை விட்டுப் பார்த்தார். பல வாரம் தவழ்ந்து பழகிய குழந்தை செங்குத்தான சரிவைக் கண்டால் விளிம்பிலேயே நின்றுவிடும். அதே குழந்தை நடக்கத் தொடங்கிய முதல் வாரங்களில் அதே சரிவில் தலைகுப்புறப் போகும், கீழே ஒருவர் பிடித்துக்கொள்வார். தவழ்ந்து கற்றது நடைக்கு வரவில்லை, மறுபடி முதலிலிருந்து. 'எங்கே நிறுத்தணும்' என்பதை அந்தந்த அசைவோடு சேர்த்தே கற்கிறார்கள்.

#10 எண்ணிப்பார்

அப்போது நடைக்கும் எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷனுக்கும் உறவு இருக்கிறதா இல்லையா? இந்த இழையில் மூன்று பக்கமும் அடித்துவிட்டீர்கள்.

#11 தளிர்நடை

இருக்கிறது. எந்த மாதத்தில் நடந்தது என்பதைவிட, அசைவை எவ்வளவு முன்யோசனையோடு ஆள்கிறது என்பதில்தான் அதிகம் தெரிகிறது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 18 மாதக் குழந்தைகள் ஒரு பொருளை எட்டி எடுக்கும்போது கையின் வேகத்தை இலக்குக்கு ஏற்ப முன்கூட்டியே எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று அளந்தார்கள். நன்றாகத் திட்டமிட்டவர்கள், 'தொடாதே' போன்ற அடக்கும் சோதனையிலும் நினைவுச் சோதனையிலும் மேலாக இருந்தார்கள். எது எதற்குக் காரணம் என்று அது சொல்லவில்லை. எண்ணிப்பார் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

மூளைப் பக்கம் பார்த்தால் டயமண்ட் 2000-இல் எழுதியது இன்னும் பேசப்படுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி சிந்தனைக்கு, சிறுமூளை அசைவுக்கு என்று பாகம் பிரித்து வைத்திருந்தோம். வேலை புதிதாகவும் கடினமாகவும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே எழுகின்றன, பழகிவிட்டால் இரண்டும் அடங்குகின்றன.

நான் தினம் பார்ப்பதும் இதுதான். புதுசாக நடக்கும் குழந்தையிடம் "அந்தப் பந்தை எடுத்து வா" என்றால் பாதி வழியில் எதற்குப் போகிறோம் என்பதே மறந்துவிடும். நடையே முழு மூளையையும் தின்கிறது. சாரா பெர்கர் ஏ-நாட்-பி சோதனையை நடைபாதையாக மாற்றி 13 மாதக் குழந்தைகளிடம் வைத்தார். சமதளத்தில் புது வழிக்குத் திரும்பிய குழந்தைகள், படிக்கட்டில் இறங்க வேண்டியிருந்தபோது பழைய வழிக்கே போனார்கள். காலுக்குச் செலவான கவனம் நினைவுக்கு இல்லாமல் போகிறது. நடை பழகும் வாரங்களில் பிள்ளை 'பின்னால் போகிறது' என்று வரும் பெற்றோரிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

#12 தனிமரம்

இந்தக் கடைசிப் பத்தி ஒன்றுக்காகவே வந்தது நல்லதாயிற்று. புதுசாகப் படி ஏறும் நாட்களில் மகன் 'நில்' என்றால் நிற்கவே மாட்டான். பிடிவாதம் என்று நினைத்துக் கத்தியிருக்கிறேன்.

சரி, அண்ணன் இல்லாத வீட்டில் அந்தக் கோபுர விளையாட்டை யார் ஆடுவது? நான் ஆடினால் போதுமா?

#13 மூணாவதுபெண்

நான் மூன்றில் கடைசி, அதனால் ஒரு வார்த்தை. நீங்கள் ஆடுவதும் அண்ணன் ஆடுவதும் ஒன்றல்ல. நீங்கள் 'மூணு' சொல்வதற்கு முன் மகன் தள்ளினால் சிரித்துவிட்டு மறுபடி கட்டிக் கொடுப்பீர்கள். அண்ணன் கத்துவான், கட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஆட்டம் முடிந்தது. அந்த நஷ்டம்தான் எனக்குக் கையைக் கட்டக் கற்றுக்கொடுத்தது. எங்கே தொட்டால் அக்கா கத்துவாள் என்பதும் எனக்கு நடை வந்த அன்றே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

#14 ஏட்டுப்புழு

மூணாவதுபெண், அதற்கும் சாட்சி உண்டு. ஜூடி டன் 1980-களில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து உடன்பிறந்தவர்களைக் கவனித்தார். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள்கூட, மூத்தவருக்கு உயிரான பொருளைக் குறிபார்த்து எடுத்து ஒளித்துச் சீண்டுகிறார்கள். சீண்டவும் திட்டம் வேண்டுமே!

தனிமரம், அப்பா ஆடினாலும் போதும். ஒன்றுதான்: எப்போதும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவன் முறை, உங்கள் முறை என்று இருக்கட்டும், உங்கள் முறையில் நிஜமாகவே அவனைக் காக்க வையுங்கள். பத்து விநாடி போதும். 'ஓடு-நில்' ஆட்டமும் அப்படித்தான், ஓடும் காலை நிறுத்துவது அந்த வயதுக்குப் பெரிய வேலை. இதனால் பின்னாளில் கணக்கில் புலியாவான் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. பயிற்சி கொடுத்த வேலையில் முன்னேற்றம் வரும், தூரத்து வேலைகளுக்கு அது பரவுவது சொற்பம் என்பதுதான் இதுவரை தெரிந்தது.

இரண்டு வயதுக்காரர்களிடம் செய்யும் சோதனை ஒன்று வீட்டிலேயே முடியும். பெரிய கட்டைகளைப் பெரிய பெட்டியில், சின்னதைச் சின்னதில் போட விடுங்கள். அப்புறம் "இப்போ ஏடாகூட ஆட்டம், பெரியது சின்னப் பெட்டிக்கு" என்று மாற்றுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், வேடிக்கை மட்டும் பாருங்கள்.

#15 நிலாஅம்மா

எல்லாருக்கும் நன்றி. ஏடாகூட ஆட்டத்தை இன்று ஆடிப் பார்த்துவிட்டோம். நாத்தனாரும் இருந்தார்.

முதல் சுற்று பிரமாதம். சின்னவள் ஒவ்வொரு கட்டைக்கும் தனக்குத்தானே கை தட்டிக்கொண்டாள். விதியை மாற்றினேன். பெரிய கட்டையை எடுத்தாள். ஏட்டுப்புழு எழுதியது அப்படியே கண்முன்னால்: கண் சின்னப் பெட்டியில், கை பெரிய பெட்டியை நோக்கி. கட்டை பெரிய பெட்டிக்குள் விழுந்தது. உடனே என்னைப் பார்த்தாள். தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது! அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததை எடுத்துப் பாதி வழியில் நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அதற்குள் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இங்கே, இங்கே" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சின்னப் பெட்டிக்கு இழுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் அதட்டினார்: "டேய், கையை எடு. அவளே போடட்டும்."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவனும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தான்.